அந்தக் குச்சியின் பெயர்

புக்கிட் செராய் தோட்டம்,
பாயா ரும்புட் வழி, மலாக்கா.
4 மார்ச் 1996

அன்புத் தம்பி காளிதாசுக்கு அக்கா ஜெயமணி எழுதுவது.

பதினைந்து மைலில் இருக்கும் கூடப்பிறந்தவனுக்குத் தபால்தலை ஒட்டிக் கடிதம் எழுதுகிறேன். சனிக்கிழமை பாச்சாங்கில் உன் பட்டறை வாசலில் ஒரு மணி நேரம் நின்றேன். காவலுக்கு நிற்கும் ஜாகா மாயாண்டி அண்ணன் கம்பிக்கதவைத் திறக்கவில்லை. முதலாளி யாரையும் விட வேண்டாமென்று சொல்லியிருக்கிறாராம். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது. தோட்டத்து ஆபீசிலிருந்து உன் வீட்டுக்கு மூன்று முறை போன் போட்டேன். மூன்று முறையும் நீ குளித்துக்கொண்டிருப்பதாக உன் மனைவி சொன்னாள்.

உன் மச்சானுக்கு ஆறு நாளாகக் காய்ச்சல், இருமல். தோட்டத்து மருந்தகத்து டிரெஸர் ஃபுளூ என்று மாத்திரை கொடுத்தார். ஃபுளூவாக இருந்தால் உன் வாசலுக்கு வந்திருக்க மாட்டேன். போன வாரம் அடுப்பில் நெத்திலிச் சம்பலை வைத்துவிட்டுப் பின்னால் துணி காயப்போடப் போனேன். திரும்பி வந்தால் வீடு முழுக்கக் கருகல் புகை. அவர் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். "தெரியலையா?" என்று கேட்டேன். "எது?" என்று என்னைப் பார்த்தார். மூக்கில் வாசனை போய் ஒரு வருஷம் ஆகிவிட்டதாம். என்னிடம் சொல்லவில்லை. ஈறை ஒட்டிப் பல்லில் மஞ்சளாக ஒரு கோடு விழுந்திருக்கிறது. வெற்றிலை போடாத மனுஷர்.

தோட்டத்தில் பாதியை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்று எங்களை நிறுத்தியபோது, பால்மரம் வெட்டிய கைக்கு நகை வேலை பழக்கிக் கொடுத்தவன் நீ. அதை மறக்கவில்லை. மூன்று வருஷமாக வளையலுக்கும் சங்கிலிக் கண்ணிக்கும் அவர்தான் பற்றவைக்கிறார். முதலில் ஒன்றும் இல்லை. நீ கேடிஎம் என்று புது முறையைக் கொண்டுவந்த பிறகுதான் இதெல்லாம். உருகின தங்கத்தில் வெள்ளையாக ஒரு குச்சியை ஒடித்துப் போடுவார்களாம், பழுப்பும் மஞ்சளுமாகப் புகை எழும்புமாம். தங்கத்தூள் பறந்துவிடும் என்று ஜன்னலைத் திறக்க விடுவதில்லை, காற்றாடியும் போட விடுவதில்லை என்கிறார்.

நான் கேட்பது இரண்டுதான். ஜன்னலைத் திறக்கச் சொல். அந்தக் குச்சிக்கு என்ன பெயர் என்று ஒரு வரி எழுது, டவுன் டாக்டரிடம் சொல்ல வேண்டும். குச்சி வரும் பெட்டியில் ஒட்டின சீட்டைச் சுரண்டிவிட்டுத்தான் உள்ளே கொடுக்கிறார்கள் என்று அவர் சொன்னார். ஏன் சுரண்ட வேண்டும் தம்பி?

மகள் தாரணி நலம். உன் மகன் யுகேந்திரன் காலேஜ் லீவில் வந்தானா என்று என்னிடம் கேட்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அக்கா
ஜெயமணி


ஆயர் குரோ
11 மார்ச் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஜாகா உங்களை நிற்க வைத்ததற்கு மன்னிக்க வேண்டும். தங்கம் இருக்கும் இடம், அக்கா என்றும் தங்கை என்றும் பார்த்தால் இன்சூரன்ஸ்காரன் சும்மா விடமாட்டான்.

மச்சானுக்கு வந்தது ஃபுளூதான். எங்கள் ஆயர் குரோ தாமான் குடியிருப்பிலேயே பாதிப் பேருக்கு இருக்கிறது. நாற்பது வயதுக்கு மேல் சிகரெட்டை நிறுத்தாதவருக்கு வாசனையும் போகும், பல்லும் மஞ்சளாகும். இதற்கெல்லாம் பட்டறையைக் காரணம் சொன்னால் எந்த முதலாளி தாங்குவான்? கேடிஎம் என்றால் சுத்தமான தங்கம் என்று ஊருக்கே தெரியும். ஒவ்வொரு நகைக்கடை போர்டிலும் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறான். கெட்டதாக இருந்தால் போர்டில் போடுவானா?

இப்போது ஒரு முக்கிய விஷயம். ஆஸ்திரேலியாவில் ஒரு பெரிய கம்பெனி நம்மிடம் வளையல் எடுக்க வருகிறது. அவர்கள் மற்றவர்களைப்போல் எடை மட்டும் பார்க்கிறவர்கள் அல்ல. தங்கம் எங்கிருந்து வந்தது, சின்னப் பிள்ளைகள் வேலை செய்கிறார்களா, வேலை செய்கிற இடத்தில் காற்று இருக்கிறதா என்று பத்துப் பக்கத்துக்குக் கேள்விப் பாரம் அனுப்பியிருக்கிறார்கள். தொழிலாளி வீட்டிலிருந்து ஒரு கடிதம் வேண்டுமாம், சொந்தக் கையெழுத்தில். தோட்டத்தில் எல்லோருக்கும் கடிதம் எழுதிக் கொடுத்தவர் நீங்கள். உங்களைப்போல் எழுத இங்கே யாருக்கும் வராது. மச்சானுக்கு வேலை நல்லபடியாக இருக்கிறது, மூச்சுக்கு ஒரு குறையும் இல்லை என்று ஒரு பக்கம் எழுதுங்கள். மச்சானை லேசான வேலைக்கு மாற்றிவிடுகிறேன்.

இந்த ஆர்டர் கிடைத்தால் கல்யாணத்தை ஆவணியிலேயே வைத்துவிடலாம். தாரணி இந்த வீட்டுக்கு வர வேண்டியவள். நான் சொன்ன சொல் மாறுகிறவன் இல்லை.

இன்னொன்று. மச்சானுக்குப் பக்கத்து மேசையில் இருந்த வீரப்பன் போன வருஷம் டிபியில் போய்ச் சேர்ந்தான். அவன் சம்சாரம் மீனம்மா பட்டறையைப் பற்றிக் கண்டபடி பேசித் திரிவதாகக் கேள்வி. அவளோடு பேச்சு வைத்துக்கொள்ளாதீர்கள்.

தம்பி
காளிதாஸ்


புக்கிட் செராய் தோட்டம்
22 மார்ச் 1996

அன்புத் தம்பிக்கு,

நீ கேட்டதை எழுதி இதோடு வைத்திருக்கிறேன். இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். மூன்றாவது எழுதியபோது தாரணி எதிரே உட்கார்ந்து கல்யாணப் புடவைக்கு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கடிதம் கிழிபடவில்லை.

"என் கணவர் முனுசாமி வேலை செய்யும் இடம் வெளிச்சமாகவும் காற்றோட்டமாகவும் இருக்கிறது. அவர் நல்ல சுகத்துடன் இருக்கிறார்" என்று எழுதினேன். நான் எழுதும்போது அவர் பின்கட்டில் இருமிக்கொண்டிருந்தார். நான் எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். "நல்லா இருக்கு" என்றார்.

காய்ச்சல் குறைந்ததால் திங்கட்கிழமையிலிருந்து வேலைக்குப் போகிறார். டிரெஸர் இன்னும் மூன்று நாள் லீவுக்கு எம்சி சீட்டு கொடுத்தார், உன் பட்டறையில் எம்சியை யாரும் வாங்கவில்லையாம். லேசான வேலைக்கு மாற்றியதாகவும் தெரியவில்லை. அதே மேசை. வேலை முடிந்து வந்து சிகரெட் பற்றவைத்தால் இனிக்கிறது என்கிறார். சிகரெட் இனிக்குமா தம்பி?

மீனம்மாவோடு நான் பேசுவதில்லை. வழியில் பார்த்தால் அவள்தான் நின்று என்னைப் பார்க்கிறாள். நான் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுகிறேன். அவள் புருஷன் செத்த வீட்டுக்கும் நான் போகவில்லை, டிபி ஒட்டிக்கொள்ளும் என்று நீ சொன்னதால்.

குச்சியின் பெயரை நீ எழுதவில்லை.

அக்கா


ஆயர் குரோ
6 ஏப்ரல் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

சந்தோஷமான செய்தி. கம்பெனியிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வந்து இரண்டு நாள் பார்த்தாள். ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்திருந்தேன், புதுக் காற்றாடி நான்கு ஓடியது. சுவரில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். தங்கம் வாங்கிய பேங்க் சீட்டைக் கேட்டாள், காட்டினேன். கடைசியில் உங்கள் கடிதத்தை மொழிபெயர்த்துப் படித்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு பிரதியைத் தன்னோடு எடுத்துப் போயிருக்கிறாள், அவர்கள் புத்தகத்தில் போடுவார்களாம். முந்நூறு வளையலுக்கு ஆர்டர். மே மாதக் கடைசியில் கப்பல் ஏற வேண்டும்.

பற்றவைக்கிற மேசைகளை அந்த இரண்டு நாளும் பாயா ரும்புட்டில் என் பழைய வீட்டுப் பின்கட்டுக்கு மாற்றியிருந்தேன். அவள் எப்போது வேண்டுமானாலும் சொல்லாமல் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனதால், இனி அவை அங்கேயே இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டேன். முன்பு கோழி வளர்த்த கொட்டகைதான். நாலு பக்கமும் தகரம் அடித்து, உள்ளே சரக்கு இருப்பதால் வேலை நேரத்திலும் வெளியே பூட்டுப் போட்டிருக்கிறேன். மச்சானுக்குத்தான் லாபம், தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் பத்து நிமிஷம். முன்னைப்போல் பாச்சாங் வரை அலைய வேண்டாம்.

இந்த ஆறு வாரம் மட்டும் லீவு எதுவும் கேட்க வேண்டாம் என்று மச்சானிடம் சொல்லுங்கள். ஆர்டர் முடிந்ததும் கல்யாணப் பத்திரிகை அடித்துவிடுவோம். உங்கள் கடிதம் இல்லாவிட்டால் இந்த ஆர்டரே இல்லை. அதை நான் மறக்கமாட்டேன்.

தம்பி
காளிதாஸ்


பெரிய ஆஸ்பத்திரி, மூன்றாவது வார்டு
25 ஏப்ரல் 1996

தம்பி,

செவ்வாய்க்கிழமை கொட்டகையிலிருந்து வந்தவர் சட்டையைக் கழற்றாமல் படுத்தார். புதன்கிழமை உதடு நீலமாகிவிட்டது. பக்கத்து வீட்டுக் காளியம்மா மகன் லாரியில்தான் ஏற்றிக்கொண்டு வந்தோம். முகத்தில் முகமூடி மாட்டி மூச்சு ஏற்றுகிறார்கள். நெஞ்சுப் படத்தில் இரண்டு நுரையீரலும் வெள்ளையாக இருக்கிறது. நெஞ்சுக்குள் தண்ணீர் என்கிறார்கள்.

டாக்டரம்மா மலாய்க்காரர். தாரணியைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். மூன்று முறை வந்து என்ன வேலை, எதை முகர்ந்தார் என்று கேட்டுவிட்டார். தங்க வேலை என்றேன். தங்கம் இப்படிச் செய்யாது என்றார். கேடிஎம் என்றேன். அப்படி ஒரு மருந்தையோ உலோகத்தையோ தான் கேள்விப்பட்டதில்லை, பெட்டியில் எழுதியிருக்கும் பெயர் வேண்டும் என்றார். பெயர் தெரிந்தால் அதற்கேற்றபடி பார்க்கலாம், தெரியாவிட்டால் இருட்டில் கல்லெறிகிற மாதிரிதான் என்றார்.

தாரணியைப் பட்டறைக்கு அனுப்பினேன். நீ கோலாலம்பூர் போயிருப்பதாகச் சொன்னார்களாம். உன் கார் பின்னால் நின்றதைப் பார்த்துவிட்டு வந்து அழுகிறாள்.

பட்டறையைப் பற்றி நான் யாரிடமும் பேசமாட்டேன். எனக்குக் காசு வேண்டாம், தனி ரூம் வேண்டாம். ஒரே ஒரு சொல் எழுதி மாயாண்டி அண்ணனிடம் கொடுத்து அனுப்பு. உன்னைக் காலில் விழுந்து கேட்கிறேன்.

அக்கா


26 ஏப்ரல் 1996

அக்காவுக்கு,

இதை மாயாண்டியிடம் கொடுத்து அனுப்புகிறேன். படித்ததும் கிழித்து எரித்துவிடுங்கள்.

நீங்கள் கேட்பதைத் தர முடியாது. அந்தப் பெயர் ஆஸ்பத்திரிப் பேப்பரில் ஏறினால் தொழிற்சாலை இலாகா வரும். இலாகா வந்தால் கம்பெனிக்குப் போகும். பாதி வளையல் முடிந்திருக்கிறது. ஒன்பது குடும்பம் இதில் சாப்பிடுகிறது. எல்லாவற்றையும்விட, மச்சானுக்குக் காற்றும் சுகமும் குறைவில்லை என்று கைப்பட எழுதிக் கொடுத்தவர் நீங்கள். நாளைக்குக் கேள்வி வந்தால் முதலில் உங்களைத்தான் பொய்க்காரி என்பார்கள்.

ஒரு வழி சொல்கிறேன். மச்சான் தோட்டத்தில் எத்தனையோ வருஷம் லாலாங் புல்லுக்கு மருந்து அடித்தவர். போன வாரமும் வீட்டுக்குப் பின்னால் அடித்தார், காற்று திரும்பி முகத்தில் பட்டுவிட்டது என்று டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த மருந்தும் நுரையீரலைத்தான் பிடிக்கும், அவர்கள் அப்படியே எழுதிக்கொள்வார்கள். மச்சானையும் அதையே சொல்லச் சொல்லுங்கள்.

தாரணி என் வீட்டுக்கு மருமகளாக வருவது இப்போது உங்கள் வாயில்தான் இருக்கிறது.

காளிதாஸ்


புக்கிட் செராய் தோட்டம்
14 மே 1996

தம்பிக்கு,

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. நீ மாலை மட்டும் அனுப்பினாய். ரிப்பனில் உன் பட்டறைப் பெயர் இருந்ததால் தோட்டத்து மாரியம்மா அதைக் கழற்றிவிட்டுத்தான் போட்டாள்.

ஆஸ்பத்திரியில் நடந்ததை உன்னிடம்தான் சொல்ல முடியும். வேறு யாரிடமும் சொல்ல முடியாதபடி நீ செய்துவிட்டாய்.

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு டாக்டரம்மா மறுபடி வந்தார். கையில் பேனாவோடு கட்டில் பக்கத்தில் நின்றார். நான், நீ எழுதிய மாதிரியே, புல்லுக்கு மருந்து அடித்தார் என்று சொன்னேன். அவர் தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு சொன்னேன். தூங்கவில்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் அவருக்கு ஒன்றும் சொல்லி வைத்திருக்கவில்லை. உன் கடிதத்தையும் காட்டவில்லை. டாக்டரம்மா நம்பாமல் அவர் பக்கம் குனிந்து, உண்மையா என்று கேட்டார்.

அவர் முகமூடியைக் கையால் ஒதுக்கினார். என்னையும் பார்த்தார், வாசலில் நின்ற தாரணியையும் பார்த்தார். எதற்காக நான் அதைச் சொன்னேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷம் என்னோடு இருந்தவர்.

"ஆமா டாக்டர். மருந்து அடிச்சேன். நெறைய அடிச்சேன்" என்றார்.

மூச்சை இழுத்து இழுத்து அதைச் சொன்னார். டாக்டரம்மா எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பி, "பிள்ள கல்யாணத்த நல்லா செய்" என்றார். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போய்விட்டார். சாவுச் சீட்டில் களைக்கொல்லி என்று இருக்கிறது.

நீ சொன்னதை நாங்கள் இரண்டு பேருமே செய்துவிட்டோம். வருஷத் திதி முடியாமல் கல்யாணம் செய்வது வழக்கமில்லைதான். ஆனால் மூன்று மாதம் கழித்துக் கோயிலில் சுருக்கமாகச் செய்யலாம் என்று ஐயர் சொல்கிறார். உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

ஜெயமணி


ஆயர் குரோ
3 ஜூன் 1996

அக்காவுக்கு,

மச்சான் மறைவு எனக்கும் பேரிழப்பு. நல்ல கை அவருக்கு.

கல்யாணத்தைப் பற்றி வீட்டில் பேசினோம். சாவு விழுந்த வீட்டில் உடனே சம்பந்தம் வைப்பது என் மனைவிக்குப் பிடிக்கவில்லை. யுகேந்திரனுக்கும் ஆஸ்திரேலியாவில் மேல்படிப்புக்கு இடம் பார்க்கிறோம், கம்பெனிக்காரர்களே உதவுகிறார்கள். அவன் போய்த் திரும்ப நான்கு வருஷம் ஆகும். அதுவரை தாரணியைக் காக்க வைப்பது பாவம். வேறு நல்ல இடமாகப் பாருங்கள். நான் வாக்குக் கொடுத்தது உண்மை. மச்சான் இருந்திருந்தால் வேறு விஷயம்.

உங்களைக் கைவிட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். தாரணிக்குப் பட்டறையில் வேலை தருகிறேன். பற்றவைக்கிற மேசை இப்போது காலியாகத்தான் இருக்கிறது. பெண்பிள்ளைகளுக்கு விரல் மெல்லிசு, சங்கிலிக் கண்ணிக்கு ஆம்பிளைகளைவிட நன்றாக வரும். அப்பா செய்த வேலையைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வாள்.

ஆஸ்பத்திரியில் நீங்கள் சொன்னதும் மச்சான் தன் வாயால் சொன்னதும் பதிவாகியிருக்கிறது. அதனால் இனி யார் என்ன பேசினாலும் எடுபடாது. இதை ஞாபகப்படுத்துவது உங்கள் நன்மைக்காகத்தான்.

காளிதாஸ்


புக்கிட் செராய் தோட்டம்
24 ஜூன் 1996

காளிதாசுக்கு,

உன் கடிதத்தை நான் ஐந்து நாள் யாரிடமும் காட்டவில்லை. ஆறாம் நாள் மீனம்மா வீட்டுக்குப் போனேன். வீரப்பன் செத்தபோது போகாத வீடு. அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள்.

வீரப்பனுக்கும் அதேதான். முதலில் வாசனை போனது, பிறகு மஞ்சள் கோடு, பிறகு ஃபுளூ. ஆறு நாளில் முடிந்துவிட்டது. டிபி என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, நீதான் சொன்னாய். அவன் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த ஒரு சீட்டை அவள் பத்திரமாக வைத்திருந்தாள். சுரண்டப்படாத பெட்டி ஒரு நாள் தவறி உள்ளே வந்திருக்கிறது, அவன் கிழித்து எடுத்திருக்கிறான். இங்கிலீஷில் இருந்ததால் அவளுக்குப் படிக்கத் தெரியவில்லை. படித்துச் சொல்லச் சொல்லிப் பட்டறையில் கணக்கெழுதும் கிராணியிடம் காட்டினாளாம். பழைய பில் என்று சொல்லிவிட்டானாம்.

அதை டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். காட்மியம். கேடிஎம் என்று போர்டில் போடுகிறார்களே, அதன் முழுப் பெயரே அதுதானாம். மூடின இடத்தில் அந்தப் புகையை ஒரு மணி நேரம் இழுத்தால் போதுமாம் ஒரு ஆளைக் கொல்ல. சீட்டின் கீழ்ப்பாதியில் மண்டை ஓட்டுப் படம் போட்டு, திறந்த இடத்தில்தான் உருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. நீ இங்கிலீஷ் படித்தவன். உன்னைப் படிக்க அனுப்ப நான் ஆறாம் வகுப்போடு நின்று பால்மரம் வெட்டக் கத்தி எடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் கடைசி நாளில் தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். அப்போது தெரிந்திருந்தாலும் அநேகமாகக் காப்பாற்றியிருக்க முடியாது என்றார். "மார்ச் மாசமே தெரிஞ்சிருந்தா எந்த டாக்டரும் அவர மறுபடி அந்த வேலைக்கு அனுப்பியிருக்க மாட்டாங்க. அது போதும்" என்றார். மார்ச் மாதம் நான் உனக்குக் கடிதம் எழுதிக் கேட்டேன். நீ என்னிடம் ஒரு கடிதம் கேட்டாய். நான்தான் கொடுத்தேன்.

நான் மருந்து விஷயத்தில் பொய் சொன்னதை டாக்டரம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. மருந்தும் புகையும் சேர்ந்து கொன்றதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். உனக்கு ஒரு மாதம் தருகிறேன். கொட்டகையைத் திற. அங்கே இருக்கும் ஒன்பது பேரிடமும் அது என்னவென்று சொல். இரண்டையும் செய்தால் நான் வாயைத் திறக்கமாட்டேன், அந்தப் பாவத்தோடு போய்ச் சேருகிறேன்.

ஜெயமணி


ஆயர் குரோ
20 ஜூலை 1996

ஜெயமணிக்கு,

எனக்கு நாள் குறிக்கிற அளவுக்கு வந்துவிட்டாய். நல்லது.

தாரணி உன்னோடு சண்டை போட்டுவிட்டு எங்கே போனாள் என்று ஒரு வாரமாகத் தேடுகிறாயாம், மாயாண்டி சொன்னான். இங்கேதான் இருக்கிறாள். கல்யாணம் ஏன் நின்றது என்று கேட்டு வந்தாள். "உன் அம்மா என்னை மிரட்டிக் கடிதம் எழுதுகிறாள், எப்படி சம்பந்தம் வைப்பது" என்றேன். அப்பாவுக்கு நிஜமாக என்ன ஆனது என்றும் கேட்டாள். அவள் வார்டு வாசலில் நின்றவள், நீ சொன்னதைக் காதால் கேட்டவள். அப்பா எந்தப் புல்லுக்கும் மருந்து அடிக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். "உன் அம்மா டாக்டரிடம் பொய் சொன்னதால் வைத்தியம் தப்பாகப் போய்விட்டது" என்றேன். நான் சொன்னதில் பொய் இருக்கிறதா?

உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறாள். திங்கட்கிழமையிலிருந்து கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறாள். நான் கட்டாயப்படுத்தவில்லை. மாமா வீட்டில் சும்மா இருந்து சாப்பிடமாட்டேன் என்று அவளே போனாள். யுகேந்திரன் போகிற வரைக்குமாவது இந்த வீட்டில் இருக்கலாம் என்று அவளுக்கு ஆசை. இரண்டாவது ஆர்டர் ஐந்நூறு. கை வேகம், அப்படியே மச்சான்.

நீ இலாகாவுக்குப் போனால் பொய் சாட்சி சொன்னவள் என்று உன்னைத்தான் முதலில் பிடிப்பார்கள். பிடிக்கட்டும் என்று நினைப்பாய், உன்னை எனக்குத் தெரியும். ஆனால் தாரணியும் அந்தப் பொய்யை ஊரறியக் கேட்டாக வேண்டும். இப்போதாவது உன்னைக் கோபித்துக்கொண்டு போன பிள்ளை என்று இருக்கிறது. அதற்குப் பிறகு அப்பாவைக் கொன்ற அம்மா என்றுதான் இருக்கும். அவள் திரும்பி வர வேண்டுமானால் பேசாமல் இரு. நாள் போனால் கோபம் ஆறும்.

காளிதாஸ்


புக்கிட் செராய் தோட்டம்
18 ஆகஸ்டு 1996

காளிதாசுக்கு,

கொட்டகையைத் திறந்த அன்றைக்கு நீ பாயா ரும்புட் பக்கமே வரவில்லை. அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மாவின் ரூம் வாசலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, உள்ளே போய், நான் பொய் சொன்னேன் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். பிறகு முதலிலிருந்து சொல்லச் சொன்னார். நீ எரிக்கச் சொன்ன கடிதத்தோடு எல்லாவற்றையும் மேசை மேல் வைத்தேன். என்னுடைய கடிதங்களுக்கும் பிரதி எடுத்து வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு, மற்றவர்களுக்கு எழுதிக் கொடுத்து வந்த பழக்கம். அதையும் கொடுத்தேன். காற்றோட்டமாக இருக்கிறது என்று நான் எழுதிய பக்கத்தை அவர் இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

டாக்டரம்மா எழுதி அனுப்பி, இலாகாவில் மூன்று நாள் விசாரித்தார்கள். மீனம்மா கூடவே வந்தாள். பொய் சொன்னதற்காக என் மேல் தனியாகக் கேஸ் எழுதியிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டேன்.

வெறுமனே உட்கார்ந்திருக்கவில்லை. அந்த நாட்களில் காலையில் கொட்டகை வாசலில் நின்று, வேலைக்கு வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் அந்தப் பெயரைச் சொன்னேன். இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்குப் போய் மூத்திரம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒருவருக்குச் சிறுநீரகம் கெட்டிருக்கிறது. மற்றவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். தாரணியும் அப்படித்தான் போனாள். நான் பெயரைச் சொன்னபோது அவள் காதைப் பொத்திக்கொள்ளவில்லை, என்னை யாரோ பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "அப்பாகிட்ட இத சொல்லியிருக்கலாம்லா" என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

பதின்மூன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அதிகாரிகள் வந்து பூட்டை உடைத்தார்கள். கதவைத் திறந்ததும் அந்தப் புகை வெளியே வந்தது. ஒரு அதிகாரி கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு பின்னால் போனார். உன் ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். காளியம்மா மருமகள் தேவிஸ்ரீ என் முன்னால் வந்து நின்று, "எங்க பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டீங்களே பெரியம்மா" என்றாள். அவள் வீட்டில் மூன்று பிள்ளைகள்.

ஆஸ்திரேலியாக் கம்பெனிக்கும் டாக்டரம்மா எழுதினார். பதில் வந்திருக்கிறது. இப்படிப்பட்ட இடத்திலிருந்து இனி வாங்கமாட்டார்களாம், அவர்களுடைய விதிமுறைகள் மிகவும் கண்டிப்பானவையாம். ஏற்கெனவே விற்ற வளையல்களைப் போட்டுக்கொள்கிறவர்களுக்கு ஆபத்து உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை, அது செய்கிறவர்களைத்தான் கொல்லும் என்று டாக்டரம்மா எழுதிவிட்டார். செத்தவர்கள் பெயரை அவர்கள் கேட்கவில்லை.

மூவாரில் நீ வேறு இடம் பார்த்துவிட்டதாக மாயாண்டி அண்ணன் சொன்னார். இலாகாவில் உன்னை ஜாமீனில் விட்டிருக்கிறார்கள் என்பதும் தெரியும். மூவாருக்கு இங்கிருந்து பஸ் இருக்கிறது.

தாரணி கடைசியாகத்தான் வெளியே வந்தாள். நான்கு வாரம் அந்தத் தகரத்துக்குள் இருந்திருக்கிறாள். கண் சிவந்திருந்தது. அதிகாரி அவளிடம் ஏதோ கேட்டார், பதில் சொன்னாள். ஆஸ்பத்திரி வேனில் ஏறச் சொன்னார், ஏறவில்லை, நாளைக்குத் தானே போய்க் காட்டிக்கொள்கிறேன் என்று சீட்டை வாங்கிக்கொண்டாள். நான் வேலியோரம் நின்றேன். அவள் என்னைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. கையை நீட்டினால் தொடலாம், அவ்வளவு பக்கம். நான் நீட்டவில்லை.

மண்ரோட்டில் நடந்து பெரிய ரோட்டுக்குத் திரும்பினாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் மறைகிற வரைக்கும் நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அவள் இருமவில்லை.

ஜெயமணி